ஒத்திகை காணாத சாலைகள்

தாம்பரத்தினின்று செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை அறியாதார் நம்மில் மிகச் சிலரே இருப்பர். தென்மாவட்டத்து மக்கள் தலைநகர் புகுவதும் அவ்வழி. பொங்கலுக்கு ஊர் திரும்புவதும் அவ்வழி. 2023 டிசம்பர் 30-ஆம் நாள் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், தென்திசைப் பேருந்துகளின் தலைவாயிலே அச்சாலைமீது அமைந்துவிட்டது. அத்தகைய சாலையில், மாலை ஆறரை மணிக்கு, கூடுவாஞ்சேரிக்கு அருகில், இரும்புக் கம்பி ஏற்றிய லாரியொன்று அச்சு முறிந்து நின்றுவிடுவதாகக் கொள்ளுங்கள்.

ஓட்டுநர் இறங்குகிறார், கிளீனர் இறங்குகிறார். நான்கு கருங்கற்கள், ஒடித்த புங்கமரக் கிளை ஒன்று. அவைதாம் எச்சரிக்கைப் பலகை! (லாரி அகன்ற பின்னரும் அக்கற்கள் சாலையிலேயே கிடக்கும், நள்ளிரவில் இருசக்கர வண்டியில் வருபவன் அவற்றின் பயனை நுகர்வான்.) முதலாளிக்குச் செய்தி போகிறது, முதலாளி கிரேன்காரரை அழைக்கிறார், கேட்கும் கூலிக்கும் தரும் கூலிக்குமிடையே பேரம் நடக்கிறது. போக்குவரத்துக் காவலர் விரைகிறார். அவரும் அதே வரிசையைக் கடந்தல்லவா வரவேண்டும்! அதற்குள் வரிசையின் வால் ஊரப்பாக்கத்தைத் தாண்டி வண்டலூரைத் தொடுகிறது. அவ்வரிசையின் நடுவே, செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய 108 ஆம்புலன்ஸ் ஒன்று அலறுகிறது. வழிவிட எவருக்கும் மனமில்லாமல் இல்லை. வழிவிட இடம் இல்லை.

லாரி முறிந்தது யார் குற்றம் என்று நான் கேட்கவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகும், இரும்பென்றால் முறியும். நான் கேட்பது வேறு. லாரி முறிந்த மறுகணத்திலிருந்து, யார், எதை, எந்த நிமிடத்தில், எந்த முறையில் செய்யவேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து, வகுத்ததை ஓட்டிப் பார்த்து, பார்த்ததில் சிறந்ததைத் தேர்ந்து வைத்திருக்கிறோமா? இதுவே கேள்வி.

நாடக மேடையோடு உறவாடி வளர்ந்தவர்கள் நாம். ஒத்திகையில்லாத நாடகம் எப்படி முடியும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. வசனம் மறந்த நடிகன், வாளில்லாத மன்னன், திரை விழாத முடிவு! மேடையில் நேர்ந்தால் கூட்டம் கைகொட்டி நகைக்கும்; சாலையில் நேர்ந்தால் யாரோ ஒருவருடைய வீட்டில் அழுகை எழும். சாலைக்கும் ஒத்திகை உண்டு, தோழர்களே! கணிப்பொறிக்குள்ளே ஒரு சாலையைப் படைத்து, அதில் வண்டிகளை ஓடவிட்டு, நடுவே ஒன்றை வேண்டுமென்றே முறித்துப்போட்டு, பின்னால் என்ன நிகழ்கிறதென்று காண்பது. பொறியியலார் அதனைச் சிமுலேஷன் என்பர். ஒத்திகை என்றே நாம் அழைப்போம்.

ஏன் வேண்டும் இந்த ஒத்திகை? கண்ணால் கண்டு அறிந்தது போதாதா என்பார் உண்டு. போதாது! சாலை, நம் கண்ணையும் கருத்தையும் ஏமாற்றவல்லது. மூன்று தடமுள்ள சாலையில் ஒரு தடம் அடைபட்டால், மூன்றில் இரண்டு பங்கு வண்டிகள் போகலாம் என்றுதானே நம் மனக்கணக்கு கூறும்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து விரைவுச்சாலையில் அளந்து பார்த்து, 1971-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கூறிற்று: மிஞ்சுவது பாதிதான்! அந்நாட்டு நெடுஞ்சாலைக் கையேடு அதனை 49 விழுக்காடு என்று பதிந்து வைத்தது. விபத்துக்குள்ளான வண்டியைச் சாலையோரத்துக்கு அகற்றி, மூன்று தடத்தையும் திறந்துவிட்டாலும், முழுமை திரும்புவதில்லை. 83 விழுக்காடே கிட்டும். காரணம்? வேடிக்கை! கடந்து செல்லும் ஒவ்வொருவரும் தலையைத் திருப்பி ஒரு நொடி பார்க்கின்றனர். வேடிக்கை பார்ப்பது நம்மவர்க்கு மட்டுமே உரிய குணம் என்று எள்ளி நகையாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 49 விழுக்காட்டை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். கற்பனைச் சாலை, ஆனால் கணக்கு மெய். மணிக்கு 6,000 வண்டிகளைக் கடத்தவல்ல சாலை. வந்துகொண்டிருப்பவை மணிக்கு 4,500. ஒரு தடம் அடைபடுகிறது. இப்போது மணிக்கு 2,940 வண்டிகளே போகமுடியும். அரைமணி நேரம் அடைபட்டால், 780 வண்டிகள் தேங்கும். தடம் திறந்தபின் அத்தேக்கம் கரைய இன்னும் 31 நிமிடம் ஆகும். எல்லா வண்டிகளின் தாமதத்தையும் கூட்டினால், ஏறத்தாழ 398 மணி நேரம். சரி, அடைப்பு ஒரு மணி நேரம் நீடித்தால்? இருமடங்கு என்பீர்கள். இல்லை; 1,591 மணி நேரம்! நான்கு மடங்கு. அரைமணிக்கு மாறாக இருபதே நிமிடத்தில் லாரியை அகற்றிவிட்டாலோ, 177 மணி நேரந்தான். பத்து நிமிடம் முந்திக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட துன்பம் ஒழிகிறது. கிரேன் கூலிப் பேரத்தில் கழியும் பத்து நிமிடத்தின் விலை என்னவென்று இப்போது விளங்குகிறதா? அந்த விலையை லாரி முதலாளியும் கொடுப்பதில்லை, கிரேன்காரரும் கொடுப்பதில்லை. வரிசையில் நிற்பவர் அனைவரும் ஆளுக்குக் கொஞ்சமாய்க் கொடுத்துத் தீர்க்கின்றனர்.

இவ்வளவும் தாளும் பென்சிலும் கொண்டு போடத்தக்க கணக்கு. அதற்கு மேல் தாள் உதவாது. வரிசையின் வால் பின்னோக்கி நகர்வது ஓர் அலைபோன்றது என்று 1955-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த லைட்ஹில், விட்டம் என்னும் இரு கணித அறிஞர் காட்டினர். ஆற்றில் வெள்ளம் நகர்வதை ஆராய்ந்த அதே கணிதம்! அந்த வாலில்தான் ஆபத்து உறைகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன், வளைவுக்கு அப்பால் வால் வந்துவிட்டதை அறியான்; முதல் விபத்து இரண்டாவதை ஈனுகிறது. 1992-இல் ஜெர்மனியில் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்னும் இருவர், சாலையை ஏழரை மீட்டர்க் கட்டங்களாய்ப் பிரித்தனர். ஏறத்தாழ நம் ஊர்த் தாயக்கட்டம் போல. நொடிதோறும் ஒவ்வொரு வண்டியும் நான்கு விதிகளுக்குக் கட்டுப்படும்: முடிந்தால் வேகம் கூட்டு, முன்னே வண்டியிருந்தால் குறை, சில வேளை காரணமின்றியும் கொஞ்சம் குறை, பிறகு நகர். மூன்றாவது விதியைப் பாருங்கள்! காரணமின்றித் தயங்குவதும் மனித இயல்பென்று கணிதத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். அதை எழுதியதும், எவ்விதத் தடையுமில்லாத இடத்தில் தேக்கம் தானே முளைத்தது. 2008-இல் ஜப்பானியர் இதை மெய்யான கார்களைக் கொண்டே மெய்ப்பித்தனர்: 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்கள், தடை ஏதுமில்லை, எனினும் சற்று நேரத்தில் தேக்கம் தோன்றி, பின்னோக்கி ஊர்ந்தது.

இத்தகைய விதிகளின்மேல் எழுப்பப்பட்டவையே இன்றைய ஒத்திகைக் கருவிகள். லாரியை முறித்துப்போட்டு, ஒரு முறை கிரேன் தாம்பரத்திலிருந்து வருவதாக ஓட்டலாம். மறுமுறை கிரேன் சாலையிலேயே ரோந்து சுற்றுவதாக ஓட்டலாம். கலிபோர்னியாவில் 1991 முதல் அவ்வாறு இழுவை வண்டிகளை நெரிசல் நேரங்களில் சுற்றவிட்டு, பழுதான வண்டிகளைக் கட்டணமின்றியே அகற்றினர். பேரத்துக்கு அங்கே இடமே இல்லை! அதனால் விளைந்த பயனை 1993-இல் பெர்க்லி ஆய்வாளர் ஹேவார்டு அருகே சாலையிலேயே நாள்தோறும் கார்களை ஓட்டிப் பதிந்தனர். அப்பதிவுகள் பிற்கால ஒத்திகைகள் பலவற்றுக்கு உரைகல்லாயின. உரைகல் இல்லாத ஒத்திகை வெறும் பொம்மலாட்டம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்ணத்திரையில் கார்கள் வழுக்கிக்கொண்டோடும் காட்சியை ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டி, ‘பாருங்கள், நெரிசல் தீர்ந்தது’ என்று எவரேனும் கூறினால், அவரிடம் கேளுங்கள்: எத்தனை முறை ஓட்டினீர்? எந்தச் சாலையின் எந்த நாளைய அளவோடு ஒப்பிட்டீர்? ஒரே தாயக்கட்டையை ஒரே முறை உருட்டி ஆறு விழுந்தது என்பவன் ஆட்டக்காரன் அல்லன்.

இதுவரை கூறியது கருவியின் பெருமை. இனி, அரசியலுக்கு வருகிறேன். கணிப்பொறியில் என்ன அரசியல் என்று கேட்கலாம். அங்கேதான் அரசியல் மிக ஆழமாய் ஒளிந்திருக்கிறது.

ஒத்திகையில் எந்த முறை சிறந்தது என்று எதைக்கொண்டு தீர்ப்பளிப்பது? வண்டிகளின் தாமதத்தைக் கூட்டி, குறைந்தது எதுவோ அதுவே சிறந்தது என்பர். வண்டியை எப்படி எண்ணுவது? காரை ஒன்று என்று வைத்து, மற்றவற்றை அதன் மடங்காகவோ பின்னமாகவோ எண்ணுவது வழக்கம். இந்தியச் சாலைப் பேராயம் நகரச் சாலைகளுக்காக 1990-இல் வகுத்த அட்டவணையைப் பாருங்கள். கார் 1. இருசக்கர வண்டி 0.5 முதல் 0.75 வரை. மிதிவண்டி 0.4 முதல் 0.5 வரை. பேருந்து 2.2 முதல் 3.7 வரை. கைவண்டி 2 முதல் 3 வரை. கொள்திறனுக்காக 2017-இல் வந்த இந்தியக் கையேடு இவ்வெண்களை மாற்றியது, ஆனால் அளவுகோல் மாறவில்லை, கார்தான் ஒன்று.

சாலையில் எவ்வளவு இடத்தை ஒரு வண்டி அடைக்கிறது என்று அளக்க இந்த அட்டவணை சரியே. அதில் குறை காண்பது நேர்மையாகாது. ஆனால் இடத்தை அளக்கும் கோலைக்கொண்டு மனிதர் படும் துன்பத்தையும் அளந்தால்? ஐம்பது பேரைச் சுமந்துவரும் பேருந்து மூன்றே முக்கால் காருக்கும் குறைவாகிவிடுகிறது!

இரண்டு திட்டங்கள் உள்ளன என்று கொள்வோம். முதல் திட்டம் 300 கார்களுக்கு இரண்டு நிமிடம் மிச்சம் செய்கிறது. இரண்டாவது, 20 பேருந்துகளுக்குத் தனிவழி விட்டு, அதே இரண்டு நிமிடத்தை மிச்சம் செய்கிறது. காரளவில் எண்ணினால், ஒரு பக்கம் 300, மறுபக்கம் 74. முதல் திட்டமே வென்றது! காருக்கு இருவர், பேருந்துக்கு ஐம்பதின்மர் என்று ஆளளவில் எண்ணினால், ஒரு பக்கம் 600 பேர். மறுபக்கம் 1,000 பேர். இரண்டாம் திட்டம் வென்றது. சாலை அதுவே, கணிப்பொறி அதுவே, லாரி அதுவே. எண்ணியது எதை என்பதொன்றே மாறிற்று. இத்தேர்வைப் பொறியியல் செய்யவில்லை, தோழர்களே. யாரோ ஒருவர் செய்தார். அவர் யார், ஏன் செய்தார் என்று கேட்பது நம் உரிமை.

நடந்து செல்பவருக்கு அந்த அட்டவணையில் எண்ணே இல்லை. சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கத்துப் பேருந்து நிறுத்தம் சேரவேண்டிய தாய், அவள் கையைப் பிடித்த பிள்ளை, இருவரும் அந்த ஒத்திகையின் உலகில் பிறக்கவேயில்லை.

இன்னொன்று. விபத்து நேர்ந்தவுடன் வண்டிகளை மாற்றுவழியில் திருப்பிவிடுவது அதிகாரிகள் விரும்பும் முறை. ஒத்திகையில் ஓட்டினால், திரையில் நெடுஞ்சாலை உடனே வெளுத்துவிடும். எங்கே போயின அவ்வண்டிகள்? திரையின் விளிம்புக்கு அப்பால்! ஒத்திகைக்காரர் வரைந்த படத்தின் எல்லையோடு அவருடைய கணக்கு முடிந்தது. ஆனால் எல்லைக்கு அப்பால் ஒரு சிற்றூர் இருக்கிறது. அச்சிற்றூருக்கு ஒரே ஒரு தெரு இருக்கிறது. தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நெடுஞ்சாலையின் நெரிசல் ஒழியவில்லை. குடியானவன் வீட்டு வாசலுக்கு இடம் மாற்றப்பட்டது, அவ்வளவே. எல்லாரையும் ஒரே மாற்றுவழிக்கு அனுப்பினால் அவ்வழியும் அடைந்துபோகும், ஒரு பகுதியினரை மட்டும் திருப்புவதே நன்று என்பது ஒத்திகைகள் கற்பித்த பாடங்களில் ஒன்று. ஆனால் அப்பாடத்தைக் கற்க, மாற்றுவழியும் படத்துக்குள் வரையப்பட்டிருக்க வேண்டுமே!

இங்கிலாந்து இதில் நமக்கு ஒரு பெரிய படிப்பினை. அந்நாட்டு விரைவுச்சாலைகளின் ஓரத்தில், பழுதான வண்டி ஒதுங்கி நிற்பதற்கென்றே அவசரத் தடம் ஒன்று உண்டு. நெரிசல் மிகுந்தது, புதுத்தடம் போடப் பணமும் நிலமும் வேண்டும். அவசரத் தடத்தையே ஓடுதடம் ஆக்கினால் என்ன? 2006-இல் பர்மிங்காம் அருகே எம்42 சாலையில் நெரிசல் நேரத்துக்கு மட்டும் அதைத் திறந்து பார்த்தனர். ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஓர் ஒதுங்கிடம், மேலே வேகவரம்பு காட்டும் விளக்குகள், கண்காணிப்புக் கருவிகள். நன்றாகவே நடந்தது. பின்னர் வேறு பல சாலைகளில், அவசரத் தடம் எந்நேரமும் ஓடுதடமே என்றாக்கினர்; ஒதுங்கிடங்களின் இடைவெளி 2.5 கிலோமீட்டர் வரை நீண்டது. கவனித்தீர்களா? ஓட்டிப்பார்த்தது ஒன்று, ஊரெங்கும் போட்டது மற்றொன்று!

2019-இல் ஷெஃபீல்டு அருகே எம்1 சாலையில், சிறு மோதல் ஒன்றுக்குப் பின் வண்டியை நிறுத்தி இறங்கிய இருவர், பின்னால் வந்த லாரி மோதி மாண்டனர். அவசரத் தடம் இல்லாமையும் அச்சாவுக்குப் பங்களித்தது என்று 2021-இல் மரண விசாரணை அதிகாரி கூறினார். 2020-இல் அரசே வெளியிட்ட ஆய்வோ, மொத்தத்தில் இச்சாலைகள் பழையவற்றினும் கேடானவை அல்ல என்றது. அதே மூச்சில், நின்றுபோன வண்டிமீது ஓடும் வண்டி மோதும் ஆபத்து கூடியுள்ளது என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டும் மெய்யே! மொத்தக் கணக்கு சரியாயிருக்க, நடுச்சாலையில் நின்றவனுடைய கணக்கு மட்டும் தவறிற்று. மக்கள் நம்பவில்லை, நாடாளுமன்றக் குழுக்கள் கண்டித்தன, 2023 ஏப்ரலில் புதிய சாலைகளை அவ்வாறு அமைக்கும் திட்டம் கைவிடப்பட்டது. சராசரிக்குள் ஒளிந்திருந்த அந்த ஒருவனை முதலிலேயே தனியே எண்ணியிருந்தால், எத்தனை கோடிப் பவுன் மிஞ்சியிருக்கும்! அதனினும் மேலாக, எத்தனை உயிர்!

நமக்கு இது தொலைநாட்டுக் கதை அன்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டில் மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அவ்விபத்துகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரிசை நின்றது. ஒவ்வொரு வரிசையிலும் ஆம்புலன்ஸ் ஒன்று எவ்வழியே வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற கதை உண்டு. 108 ஊர்தியை எங்கே நிறுத்திவைத்தால் விரைந்து சேரும்? நடுத்திட்டில் எந்த இடத்தில் திறப்பு இருந்தால் எதிர்த்தடத்தின் வழியே வந்து திரும்பமுடியும்? ரோந்துக் கிரேன் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று? இவற்றையெல்லாம் மெய்யான இரத்தம் சிந்தாமல் ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாம்.

‘நம்மிடம் கருவி இல்லை’ என்று எவரும் கைவிரிக்க இயலாது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் ஆக்கிய சுமோ என்னும் கருவி 2001 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. பொறியியற் கல்லூரி மாணவன் தன் கணிப்பொறியில் இன்றிரவே இறக்கிக்கொள்ளலாம். ‘அது தடம் பிசகாத வெள்ளையர் சாலைக்கு, நம் சாலையில் தடமேது’ என்பது அடுத்த சாக்கு. இருசக்கர வண்டி இடுக்கில் நுழைவதும், ஆட்டோ குறுக்கே திரும்புவதும், பேருந்து சாலை நடுவே நிற்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கலப்புப் போக்குவரத்தையே ஒத்திகைக்குக் கொண்டுவரும் முறையைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2005-இலேயே அறிவியல் இதழில் வெளியிட்டுவிட்டனர். அறிவு நம் வாசலில் இருக்கிறது. அதை அழைக்கும் அரசாணைதான் தேவை.

ஆகவே, உங்கள் பகுதியில் மேம்பாலம் என்றோ, சாலை விரிவாக்கம் என்றோ, ‘அறிவார்ந்த போக்குவரத்து மேலாண்மை’ என்றோ திட்டம் வருமானால், கொடி கட்டுவதற்கு முன் அறிக்கையைக் கேளுங்கள். அதில் ஒத்திகை நடந்ததா? நடந்ததெனில், லாரி முறிந்த நாளையும் ஓட்டினார்களா, அன்றி எல்லாம் ஒழுங்காய் ஓடும் நாளை மட்டுமா? பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியிலேயே விடை தடுமாறும். தாமதத்தைக் காரளவில் கூட்டினார்களா, ஆளளவில் கூட்டினார்களா? படத்தின் எல்லை எந்த ஊரோடு முடிகிறது? ஆம்புலன்சைத் தனியே எண்ணினார்களா? கேட்பது ஊராட்சி உறுப்பினராயினும், கிளைச் செயலாளராயினும், அன்றாடம் அந்தப் பேருந்தில் தொங்கிச் செல்பவராயினும் ஒன்றே.

மேசைக்கு அப்பாலிருப்பவர், ‘இது தொழில்நுட்பம், உங்களுக்குப் புரியாது’ என்று புன்னகைக்கக்கூடும். அவரோடு சொற்போர் வேண்டா. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அந்த ஒத்திகைக்கு ஊட்டிய எண்கள் அனைத்தையும் தருமாறு எழுதிக் கேளுங்கள். புரியவைக்க நம் பிள்ளைகளில் பொறியியல் பயின்றவர் ஆயிரம் பேர் உண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய்.